பதினெட்டு கிலோமீட்டர் அமைதி

துறையின் கடைசிப் புயல் எச்சரிக்கை வெளிவந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குப் பிறகும் புயல்கள் வந்துகொண்டுதான் இருந்தன, எச்சரிக்கைதான் நின்றுபோயிருந்தது. புயல்களுக்கு அறிக்கை படிக்கும் பழக்கம் இல்லாததால் அவற்றுக்கு இதில் ஒரு குறையும் ஏற்படவில்லை.

வானிலைத் துறையின் தலைமையகம் ஏழு மாடிக் கட்டடம். அதில் பெரும்புள்ளிகள் நாற்பது பேர் இருந்தார்கள். மூன்றாம் மாடியில், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடிக்க வைத்திருந்த வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மட்டும் வெறும் புள்ளி. அவரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கணினியில் ஓடும் வானிலை மாதிரிக்கு அமைப்புக் கோப்பு எழுதுவது அவருடைய வேலை. அந்தக் கோப்பு முழுக்க எண்கள், எண்களுக்கு நடுவே தசமப் புள்ளிகள். ஒரு புள்ளி இடம் மாறினால் பாலைவனத்தில் பனி பெய்யும் என்பதால் அதைச் சரியான இடத்தில் வைக்க ஓர் ஆளை நியமித்திருந்தார்கள். எந்த எண்ணை வைப்பது என்று சொல்ல இரண்டு குழுக்களை நியமித்திருந்தார்கள்.

முதலாவது, தணிப்புக் குழு. மாதிரி என்பது வானத்தைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டியிலும் காற்று அடுத்து என்ன செய்யும் என்று கணக்குப் போடுவது. வானத்துக்கு மூடி கிடையாது. கணினிக்குள் இருக்கும் வானத்துக்கு இருபது கிலோமீட்டர் உயரத்தில் மூடி உண்டு. கீழிருந்து எழும் அலைகள் அதில் முட்டித் திரும்பி வந்து, நடக்காத கலவரத்தையெல்லாம் நடப்பதாகக் காட்டும். அதனால் மூடிக்கு அடியில் ஐந்து கிலோமீட்டர் கனத்துக்கு மெத்தை வைத்தாற்போல் ஓர் அடுக்கை ஒதுக்கி, அங்கே வரும் ஆட்டத்தை மட்டும் அடக்கிவிடுவார்கள். அதுதான் தணிப்பு அடுக்கு.

ஆறு ஆண்டுகளுக்கு முன் துறை ஒரு புயலை அறிவித்தது. ஒரு பாலத்தின் திறப்பு விழா தள்ளிவைக்கப்பட்டது. புயலோ வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. திறப்பு விழா மேடையின் நிழலில் அன்று நாய்கள் படுத்துறங்கின. அப்படி ஒரு வெயில். விசாரணைக் குழு நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் அறிக்கை கொடுத்தது. அதைப் புரட்டும்போதுதான் தலைமை இயக்குநர் தணிப்பு அடுக்கு என்று ஒன்று இருப்பதை முதன்முதலாக அறிந்தார். ஓரத்தில் பச்சை மையில் எழுதினார்: ‘நல்ல ஏற்பாடு. மேலே உள்ள ஐந்து கிலோமீட்டருக்கு மட்டும் ஏன்? கீழே உள்ள பதினைந்து என்ன பாவம் செய்தது?’

அந்த ஆண்டே அடுக்கு எட்டு கிலோமீட்டராக இறங்கியது. அப்புறம் பன்னிரண்டு. இப்போது பதினெட்டு. தரையை ஒட்டி இரண்டே கிலோமீட்டர் மிச்சம். கணினிக்குள் பிறக்கும் புயல், தாழ்ந்த கூரைக்குள் படுத்திருந்தவன் திடுக்கிட்டு எழுந்ததுபோல் தலையை இடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடும்.

இரண்டாவது, இடமாற்றக் குழு. காற்று தன்னோடு ஈரத்தையும் வெப்பத்தையும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதை அட்வெக்‌ஷன் என்பார்கள். துறை அதை இடமாற்றம் என்று மொழிபெயர்த்திருந்தது. சொந்த ஊருக்கு மாற்றல் கேட்ட ஊழியர்களும் இந்தக் குழுவுக்கே மனுப் போட்டார்கள். குழு அவற்றையும் பரிசீலித்தது. மாதிரியில் இந்த இடமாற்றத்தைக் கணக்கிட ஒன்று முதல் ஆறு வரை முறைகள் உண்டு. எண் ஏற ஏறத் துல்லியம் ஏறும். ஒன்றாம் எண் எல்லாவற்றையும் பூசி மெழுகிவிடும். துறை ஐந்தாம் எண்ணில் இருப்பதைக் கண்ட குழுத் தலைவர், ஒரு தேசிய நிறுவனம் ஐந்தாவதாக இருப்பதா என்று மனம் வெதும்பி, ஒன்றாம் எண்ணுக்கு மாற்ற உத்தரவிட்டார். அன்று முதல், அயல் கடலில் வெறிகொண்டு புறப்படும் காற்று துறையின் எல்லைக்குள் லேசான புழுக்கமாக வந்து சேர்ந்தது.

ஈரம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளும் ஒரு தடுப்பும் கோப்பில் இருந்தது. தேவையற்ற கட்டுப்பாடுகளை நீக்கும் வாரத்தில் குழு அதையும் நீக்கியது. அடுத்த மாதம், வடக்கு மாவட்டங்களில் கழித்தல் மூன்று மில்லிமீட்டர் மழை பெய்யும் என்று அறிக்கை போயிற்று. விளக்கம் கேட்ட பத்திரிகைக்கு, சென்ற மாதம் பெய்ததில் அது கழித்துக்கொள்ளப்படும் என்று மக்கள் தொடர்பு அதிகாரி பதில் எழுதினார்.

இத்தனைக்கும் துறையின் துல்லியம் 99.6 சதவீதம். முன்னறிவிப்பு பலித்ததா என்று பார்க்க அதை எதனோடு ஒப்பிடுவது என்ற கேள்வி ஒருமுறை எழுந்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பது ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதால், மாதிரியின் கணிப்பை அதே மாதிரியின் மறுநாள் கணிப்போடு ஒப்பிடுவதென முடிவாயிற்று. இரண்டும் அச்சு அசலாகப் பொருந்தின. மிச்சம் 0.4 தன்னடக்கத்துக்காக விடப்பட்டது.

இந்த நிலையில்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

புள்ளிக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. சிலர் மாடிப்படிக்கு அடியில் போய்ப் புகைபிடிப்பது போல, அவர் கழித்துக்கட்டிய பழைய கணினி ஒன்றில் பழைய எண்களைப் போட்டு மாதிரியைத் தனியாக ஓட்டிப் பார்ப்பார். தணிப்பு ஐந்து கிலோமீட்டர், இடமாற்றம் ஐந்தாம் எண். செவ்வாய் காலை அதன் திரையில், கரைக்கும் தீவுக்கும் இடையிலான நீரிணைக்கு நடுவே ஒரு சுழி தெரிந்தது. அது வந்து சேரும் நேரம் வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. மணிக்கு நூற்றுப் பத்து கிலோமீட்டர் காற்று. கண் ஏமாற்றுகிறதோ என்று மறுபடி ஓட்டினார். தெற்கே கடலில் மிதக்கும் கருவிகள் அனுப்பிய அழுத்தத்தைப் பார்த்தார். அது சறுக்குமரத்தில் இறங்குவது போல் இறங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அந்த நீரிணையைக் கடந்து தீவுக்குப் போகும் பயணிகள் படகு புறப்படும். நாலு மணி நேரப் பயணம், இருநூறு பேர். அதை ஓட்டுபவர் புள்ளியின் அத்தான், கூடப்பிறந்த அக்காவின் கணவர்.

துறையின் எச்சரிக்கை இல்லாமல் படகை நிறுத்தக் கூடாது என்பது துறைமுக விதி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அத்தான் வானத்தின் நிறத்தைப் பார்த்துப் பாதி வழியில் படகைத் திருப்பிக்கொண்டு வந்தார். அரை மணியில் காற்று வந்து துறைமுக அலுவலகத்தின் கூரையைக் கழற்றிக்கொண்டு போயிற்று. அத்தானை இரண்டு மாதம் இடைநீக்கம் செய்தார்கள். ‘அறிவிக்கப்படாத புயலுக்கு அஞ்சியது பணி ஒழுங்கீனம்’ என்று ஆணையில் எழுதியிருந்தது. கூரையில்லாத அலுவலகத்தில் உட்கார்ந்துதான் அதைத் தட்டச்சு செய்திருந்தார்கள்.

புள்ளி அக்காவுக்குப் போன் செய்தார்.

“வெள்ளிக்கிழமை அத்தானுக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லச் சொல்லு அக்கா.”

“அவருக்கு என்ன, நல்லாத்தானே இருக்காரு. இப்பதான் நாலாவது தடவை சாப்பாடு கேட்டாரு.”

புள்ளி விஷயத்தைச் சொன்னார். அத்தான் லீவு போட்டால் மாற்று ஓட்டுநர் வருவார் என்றாள் அக்கா. ஆற்றில் மணல் படகு ஓட்டிக்கொண்டிருந்தவராம், கடலுக்குப் புதுசு. அவரிடம் இருநூறு பேரை ஒப்படைத்துவிட்டு வீட்டில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுக்கிற மனுஷனா இவர்?

“நீதானடா அங்க எல்லாத்தையும் எழுதறே? ஒரு எழுத்தை மாத்தி எழுதினா என்ன?”

“எழுத்து இல்லக்கா. எண்ணு.”

“அப்ப இன்னும் சுலபம்தானே.”

சுலபம்தான். 18 என்பதை அழித்து 5 என்று போட வேண்டும். 1 என்பதை அழித்து 5 என்று போட வேண்டும். வியாழக்கிழமை நண்பகல் ஓட்டத்துக்கு முன் போட்டுவிட்டால் மாலை அறிக்கையில் புயல் வந்துவிடும். அரை நிமிட வேலை. ஆனால் கோப்பைத் திறக்க மேலிருந்து வரும் கடவுச்சொல் வேண்டும். கடவுச்சொல்லுக்குப் படிவம் வேண்டும். புள்ளி பிரிவுக் கண்காணிப்பாளரிடம் போனார்.

கண்காணிப்பாளர் தங்கமான மனிதர். யாருக்கும் இல்லை என்று சொல்ல மனம் வராமல் எல்லாருக்கும் படிவம் கொடுப்பவர். அமைப்பு மாற்றப் படிவம் ஒன்பது பக்கம் இருந்தது. எட்டாவது பக்கத்தில், புயலை முன்னிட்டு மாற்றம் கோருவோர் அப்புயல் குறித்துத் துறை வெளியிட்ட எச்சரிக்கையின் நகலை இணைக்கவும் என்றிருந்தது.

“எச்சரிக்கை வரணும்னுதானே சார் மாத்தறோம்?”

“அதையேதான் நானும் சொல்றேன். எச்சரிக்கை வந்ததும் கொண்டாங்க, உடனே மாத்திடலாம்.”

புள்ளி அந்த மேசையை விட்டு நகரவில்லை. உணவு இடைவேளை வந்து போயிற்று. அவர் நிற்பதைப் பார்த்துப் பார்த்துக் கண்காணிப்பாளருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில், நகல் பின்னர் இணைக்கப்படும் என்று குறிப்பெழுதி, புதன்கிழமை இரு குழுக்களின் கூட்டுக் கூட்டத்துக்குப் படிவத்தை அனுப்பிவைத்தார்.

கூட்டம் ஏழாம் மாடியில், கனத்த திரைச்சீலை போட்ட அறையில் நடந்தது. வானம் தெரிந்தால் கவனம் சிதறும் என்பதற்காகப் போட்ட திரை. பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதல் ஒரு மணி நேரம், வெள்ளிக்கிழமை அவர்கள் அனைவரும் தீவுக்குப் போய்த் துறையின் கிளை அலுவலகத்தைத் திறந்துவைக்கும் நிகழ்ச்சிநிரல் பேசப்பட்டது. படகில் மேல்தளத்தில் யார், கீழ்த்தளத்தில் யார் என்பதில் நாற்பது நிமிடம் போயிற்று. பிறகு புள்ளியை அழைத்தார்கள்.

அவர் தன் கணினியின் படத்தைச் சுவரில் காட்டினார். சுழி மெல்லச் சுற்றிக்கொண்டு நீரிணைக்குள் நுழைந்தது. பதினோரு பேரும் முகத்தைச் சுளித்தார்கள். வயதுக்கு வந்த பிள்ளைகள் வீட்டில் கெட்ட வார்த்தை பேசக் கேட்ட பெற்றோரின் சுளிப்பு அது.

“இதை யார் அனுமதிச்சது?” என்றார் தணிப்புக் குழுத் தலைவர்.

புள்ளி பதில் சொல்வதற்குள் இடமாற்றக் குழுத் தலைவர் எழுந்துகொண்டார். இந்தப் புயல் உருவானது அயல் கடலில். அயல் கடலின் ஈரம் நம் எல்லைக்குள் முறையான அனுமதியின்றி நுழைவதாகப் படம் காட்டுகிறது. ஒன்றாம் எண் முறையில் இப்படிப்பட்ட அத்துமீறல் ஒருமுறைகூட நிகழ்ந்ததில்லை என்று அவர் விளக்கினார். பிறகு பேரம் தொடங்கியது. நூற்றுப் பத்தை அறுபதாகக் குறைக்க முடியுமா என்று ஒருவர் கேட்டார். சனிக்கிழமைக்குத் தள்ள முடியுமா, அன்று விடுமுறை, யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்றார் இன்னொருவர். புள்ளி, புயல் தன் கையில் இல்லை, கோப்புதான் இருக்கிறது என்று பணிவோடு சொல்லிப் பார்த்தார்.

கடைசியில் தலைமை இயக்குநர் தொண்டையைச் செருமினார். அவர் பேசத் தொடங்கினால் குறிப்பெடுப்பது மரபு என்பதால் பத்துப் பேனாக்கள் திறந்தன.

“நான் பொறுப்பேத்தப்ப இந்த மாதிரி எப்படி இருந்தது தெரியுமா? எது நடந்தாலும் உடனே காட்டிடும். ஒரு நிதானம் கிடையாது. இன்னைக்குப் பாருங்க, என்ன நடந்தாலும் அசையறது இல்ல. ஒரு நிறுவனத்துக்கு அதுதான் முதிர்ச்சி. புயலை அறிவிச்சு அது வராமப் போனா, தப்பு நம்ம மேல. அறிவிக்காம வந்துட்டா அது இயற்கைச் சீற்றம். இயற்கை மேல யாராவது விசாரணைக் குழு போட்டிருக்காங்களா?”

பேனாக்கள் எழுதி ஓய்ந்தன. ஊழியரின் ஆர்வத்தைப் பாராட்டும் வகையில் தணிப்பு அடுக்கைப் பதினெட்டிலிருந்து பதினேழரையாகக் குறைக்கலாம் என்று ஒரு சமரசத் தீர்மானம் முன்மொழியப்பட்டது. பதினேழரைக்கும் பதினெட்டுக்கும் சாவில் வித்தியாசம் இல்லை. சொல்லக் கூடாது என்று புள்ளி நினைத்திருந்தது வாயில் வந்துவிட்டது.

“சார், வெள்ளிக்கிழமை படகை ஓட்டறது எங்க அத்தான். இருநூறு பேரு சார்.”

தலைமை இயக்குநரின் முகம் கனிந்தது. எழுந்து வந்து புள்ளியின் தோளில் கை வைத்தார். “இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி,” என்றார். புள்ளிக்கு உயிர் வந்தது. இயக்குநர் குழுவின் பக்கம் திரும்பினார். “இந்தப் புயல்ல இவருக்குச் சொந்த அக்கறை இருக்கு. சொந்தக்காரர் சம்பந்தப்பட்ட கோப்பை ஊழியர் தொடக் கூடாதுன்னு நடத்தை விதி பதினொண்ணு சொல்லுது. இவரை இதிலிருந்து விடுவிச்சிடுங்க.”

பதினேழரைத் தீர்மானமும் அத்தோடு கைவிடப்பட்டது. அன்று பிற்பகலே பழைய கணினியின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி, உறையிலிட்டு முத்திரை வைத்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

வியாழக்கிழமை நண்பகல் மாதிரி வழக்கம்போல் ஓடியது. ‘நீரிணையில் கடல் அமைதியாகக் காணப்படும், இதமான காற்று வீசும்’ என்று மாலை அறிக்கை வெளிவந்தது. புள்ளி அத்தானிடம் பேசினார்.

“நீ சொன்னா நான் நம்பறேன் மாப்பிள்ளை,” என்றார் அத்தான். “எனக்கே முழங்கால் வலிக்குது, காத்து மாறுது. ஆனா முழங்காலைக் கொண்டுபோய் ஆபீஸ்ல காட்ட முடியுமா? நீ சொன்னதை ஒரு பேப்பர்ல முத்திரையோட கொண்டா. இல்லேன்னா விடு. நான் போய்த்தான் ஆகணும்.”

புள்ளியிடம் பேப்பர் இல்லை. மேசையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். அலுவலகம் முடிய அரை மணி இருக்கும்போது கடைநிலை ஊழியர் ஒருவர் சுற்றுக் கோப்பைக் கொண்டுவந்து வைத்தார். துறையில் எந்த ஆணை பிறந்தாலும் அதன் நகல் எல்லாப் பிரிவுக்கும் போய், ஒவ்வொருவரும் ‘பார்த்தேன்’ என்று கையெழுத்திட வேண்டும். புள்ளி பேனாவை எடுத்தார். எழுதவில்லை.

அது ஒரு பயண ரத்து ஆணை. தலைமை இயக்குநர் உள்ளிட்ட பதினோரு அதிகாரிகளின் வெள்ளிக்கிழமைத் தீவுப் பயணம் ரத்து. காரணம் குறிக்காமல் பயணம் ரத்தாகாது. அச்சடித்த ஐந்து காரணங்களில் ஒன்றுக்கு நேரே குறியிட வேண்டும்: நோய், மரணம், தேர்தல் பணி, வேலைநிறுத்தம், புயல். முதல் நான்குக்கும் உரிய துறையின் சான்றிதழை இணைக்க வேண்டும். புயலுக்கு மட்டும் சான்றிதழ் தேவையில்லை. சான்றிதழ் கொடுக்கிற துறையே இதுதான். ஆகவே பதினோரு பேரும் புயலுக்கு நேரே குறியிட்டிருந்தார்கள். கீழே பச்சை மையில் கையெழுத்து, வட்ட முத்திரை.

புள்ளி ‘பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு, தன் பிரிவுக்கு உரிய நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு அவர் துறைமுகத்தில் இருந்தார். காற்றே இல்லை. கொடிகள் துவைத்துப் போட்ட துணிபோல் தொங்கின. வானம் ஓரத்தில் மட்டும் பழைய செம்புப் பாத்திரத்தின் நிறத்தில் இருந்தது. துறைமுக அலுவலர் ஆணையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். முத்திரை அசல் என்பதை ஒப்புக்கொண்டார். பிறகு பெயர்ப் பட்டியலில் விரலை ஓட்டி எண்ணினார்.

“பதினோரு பேரு. இந்தப் புயல் இவங்களுக்கு மட்டும்தான் பொருந்தும். மத்தவங்களுக்கு நேத்து சாயங்கால அறிக்கைதான்.”

“ஒரே கடல்தானே சார்?”

“கடல் ஒண்ணுதான். ஆணை வேறயாச்சே.”

புள்ளி கெஞ்சினார். அவர் பிறந்ததிலிருந்து யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை. அலுவலர் கல் மனிதர் அல்லர். விதிப் புத்தகத்தையே எடுத்து முழுவதும் புரட்டிக் காட்டினார். புயலைத் தவிர, படகு நிற்பதற்கு அதில் ஒரே ஒரு வழி இருந்தது. பயணிகள் இருபத்தைந்துக்குக் குறைந்தால் படகு புறப்படாது.

வரிசையில் நூற்றுத் தொண்ணூறு பேர் நின்றிருந்தார்கள்.

புள்ளி வரிசையின் முனைக்குப் போனார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர். முதலில் நின்ற இரும்புக்கடைக்காரரிடம் ஆணையை நீட்டினார். கடைக்காரர் இவர் யார் என்று விசாரித்தார். புயல் துறையில் வேலை என்றார் புள்ளி.

“துறை என்ன சொல்லுது?”

“கடல் அமைதியா இருக்கும்னு சொல்லுது.”

“அப்புறம் நீ என்னய்யா சொல்ல வர்றே?”

புள்ளி கையெழுத்தைக் காட்டினார். கடைக்காரர் பதினோரு பெயரையும், பதவிகளையும் வாய்விட்டுப் படித்தார். ஒருமுறை கடலைப் பார்த்தார். அந்த மனிதருக்குத் துறையின் அறிக்கையில் நம்பிக்கை இருந்ததோ இல்லையோ, பெரிய மனிதர்கள் தங்கள் உடம்பின்மேல் வைத்திருக்கும் அக்கறையில் முழு நம்பிக்கை இருந்தது. “அவனுங்க வரலேன்னா இதுல என்னமோ இருக்கு,” என்று பின்னால் திரும்பிச் சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்தார்.

காகிதம் கை மாறி மாறிப் போயிற்று. ஏழேகாலுக்கு நூறு பேர் இருந்தார்கள். ஏழரைக்கு அறுபது. அத்தான் மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை பேசினாலும் ஒழுங்கீனம். ஏழே முக்காலுக்கு முப்பத்தொரு பேர் விடாப்பிடியாக நின்றார்கள். வழக்குக்குப் போகிற ஒருவர், வாய்தாவைத் தவறவிட்டால் எனக்குத் தரையிலேயே புயல்தான், தம்பி ஒதுங்கு என்றார். மற்றவர்களுக்கும் ஏதோ ஓர் அவசரம். எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் அலுவலர் எண்ணத் தொடங்கினார். இருபத்தெட்டு.

கடைசியில் நின்றவள் தையல் இயந்திரத்தின் தலைப்பகுதியைத் துணியில் சுற்றி இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண். கூடவே அவள் மாமியாரும் இரண்டு நாத்தனார்களும். அவள் காகிதத்தை வாங்கவே இல்லை. புள்ளியின் முகத்தைப் பார்த்தாள்.

“படிக்கத் தெரியாதுங்க. நீங்களே சொல்லுங்க. இதுல உங்க வீட்டு ஆளு யாராவது போறாங்களா?”

“ஓட்டறவரு எங்க அத்தான்மா.”

அவள் அண்ணாந்து மேல்தளத்தில் நின்றவரைப் பார்த்தாள். பிறகு இயந்திரத்தைக் கீழே இறக்கி வைத்தாள். “அத்தை, நாம நாளைக்குப் போலாம்,” என்றாள்.

இருபத்துநான்கு. போதிய பயணிகள் இல்லாததால் இன்றைய படகு ரத்து என்று அலுவலர் அறிவித்தார். வழக்குக்காரர் எல்லாரையும் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். அவர் திட்டி முடித்து மூச்சு வாங்கும்போது மணி ஒன்பதேகால். கொடிகள் மெல்ல எழுந்தன. பத்து பத்துக்கு, கட்டிப் போட்டிருந்த படகு வடத்தை அறுத்துக்கொண்டு படித்துறையின் மேல் ஏறி உட்கார்ந்தது. காத்திருப்புக் கூடத்தில் இருநூறு பேர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்க, மின்சாரம் போகும்வரை தொலைக்காட்சியில் இதமான காற்று வீசிக்கொண்டிருந்தது.

புள்ளியின் மேல் நடவடிக்கை எடுக்க ஒரு குழு அமைந்தது. ஆனால் குற்றச்சாட்டை எழுத முடியவில்லை. எதைத் தொடங்கினாலும் மூன்றாவது வரியில் புயல் என்ற சொல் வந்து நின்றது. துறையின் பதிவேட்டிலோ அன்று புயல் இல்லை. ஆகவே இடமாற்றக் குழு அவரைக் கிடங்குக்கு மாற்றியது. உடைந்த மழைமானிகளை அளவு வாரியாக அடுக்குவது இப்போது அவர் வேலை. தணிப்பு அடுக்கு தரைவரை இறங்கிவிட்டது. அதிகாரிகளின் பயண ரத்து ஆணைகள் இனி ரகசிய ஆவணங்கள் என்று ஒரு சுற்றறிக்கையும் வந்தது. அதிலும் புள்ளி ‘பார்த்தேன்’ என்று கையெழுத்திட்டார்.

அத்தான் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். தலைமை இயக்குநரின் கார் ஓட்டுநரைச் சிநேகம் பிடித்துக்கொண்டார். தினமும் காலை ஆறு மணிக்குப் போன் செய்து, ஐயா இன்றைக்கு வெளியே போகிறாரா என்று கேட்பார். ஐயா தன் வீட்டு ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்த பிறகுதான் அதை முடிவு செய்வாராம். வண்டியை எடுக்கச் சொல்லியிருக்கிறார் என்றால் படகு போகும். ஐயாவுக்குத் திடீர்த் தலைவலி என்றால், இரும்புக்கடைக்காரருக்கும் தையல்காரப் பெண்ணுக்கும் தகவல் போகும். எட்டு மணிக்கு வரிசையில் இருபத்தைந்து பேர் தேற மாட்டார்கள். ஏழு மாதத்தில் மூன்று புயல்கள் இப்படிக் கழிந்தன. கார் ஓட்டுநரின் துல்லியம் நூறு சதவீதம்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கார் ஓட்டுநரே கூப்பிட்டார். ஐயா அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறாராம்.

“புதுசா வர்றவர் எப்படி?” என்று அத்தான் கேட்டார். “பயந்த சுபாவமா?”

மறுமுனையில் பேசியதைக் கேட்டுக்கொண்டே அத்தான் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். போனை வைத்த பிறகும் கை தட்டிலேயே இருந்தது.

“என்னவாம்?” என்றாள் அக்கா.

“ரொம்ப நேர்மையானவராம்,” என்றார் அத்தான். “துறையோட அறிக்கையை நிஜமாவே நம்பறவராம்.”

புள்ளி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய், ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்தார்.